பலகையை வையுங்கள், பழைய அடையை விடுங்கள்

தெரிந்தவர் வீட்டுக் கோழிக்கொட்டகை ஓரத்தில் நாலைந்து பழைய தேன்பெட்டிகள் கிடக்கின்றன. ஒரு காலத்தில் தென்னந்தோப்பில் தேனீ வளர்த்தார், பிறகு விட்டுவிட்டார். "வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க, சும்மா கெடக்குது" என்கிறார். புதுப் பெட்டி வாங்க உங்கள் கையில் அவ்வளவு வெள்ளி இல்லை. எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது. பெட்டியின் பலகை உங்களுக்குக் காசு மிச்சம் பிடித்துத் தரும். உள்ளே இருக்கும் பழைய கறுத்த அடை, காசைத் தின்னும். இந்த ஒன்று மனத்தில் நின்றால் மீதி எல்லாம் எளிது.

இந்தப் பெட்டிகள் எப்படி இங்கே வந்தன?

நம் ஹுத்தான் மெலிந்தாங் தென்னையும் செம்பனையும் சூழ்ந்த ஊர். பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். 1980-களில் அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் (இன்றைய புத்ரா பல்கலைக்கழகம்) தென்னைச் சிறுதோட்டக்காரர்களிடம் தேனீ வளர்ப்பைக் கொண்டுபோக முயன்றது. தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடும் மரம். தேனும் மகரந்தமும் இரண்டும் தரும். அதனால் இந்த வட்டாரத்துக்குப் பொருந்திய யோசனைதான்.

அந்த முயற்சியிலும் அதற்குப் பிறகும் பெட்டி வைத்தவர்களில் சிலர் தொடர்ந்தார்கள், பலர் விட்டார்கள். பிறகு கெலுலுட் (கொட்டாத சிறு தேனீ, நம் ஊர்ப் பேச்சில் கொசுத்தேனீ) பக்கம் எல்லார் பார்வையும் திரும்பியது. கொட்டகைகளில் பெட்டிகள் மிஞ்சின.

முதலில் பார்க்க வேண்டியது என்ன?

அளவு. உங்கள் கையில் இருக்கும் பெட்டி எந்தத் தேனீக்குச் செய்தது என்று தெரிய வேண்டும்.

தென்னந்தோப்புப் பொந்திலும் வீட்டுச் சுவர் இடுக்கிலும் தானாக வந்து கூடு கட்டுவது அடுக்குத் தேனீ. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடைகளைத் தொங்கவிடும் நாட்டுத் தேனீ இது. உடம்பு சிறிது, கூட்டமும் சிறிது. திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910-களில் இதற்கென்றே ஒரு சின்னப் பெட்டியை வடிவமைத்தார். அவர் பெயரிலேயே தமிழ்நாட்டில் அது பரவியது. இத்தாலியத் தேனீக்குச் செய்யும் லாங்ஸ்ட்ராத் பெட்டி இதைவிட மிகப் பெரியது. அதன் பெரிய அறை ஒன்றே ஏறத்தாழ 42 லிட்டர் கொள்ளும்.

பெரிய பெட்டிதான் கிடைத்தது. நாட்டுத் தேனீயை அதில் வைக்கக் கூடாதா?

வைக்கலாம், ஆனால் இடத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். கூட்டம் காக்க முடியாத மூலையில் அந்துப்பூச்சி குடியேறும். பெட்டி அகலத்துக்கு ஒரு பலகையை வெட்டி, சட்டம் (தேனீ அடை கட்டப் பெட்டிக்குள் தொங்கவிடும் மரச்சட்டம்) போலவே தொங்கவிட்டுத் தடுப்பு வையுங்கள். நாலைந்து சட்டங்களுக்கு மட்டும் இடம் இருக்கட்டும். கூட்டம் பெருகப் பெருகத் தடுப்பைத் தள்ளிக்கொண்டே போகலாம்.

சட்டங்களுக்கு நடுவே உள்ள தூரமும் மாறும். இத்தாலியத் தேனீக்கு ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடு வரை 3.5 சென்டிமீட்டர். நாட்டுத் தேனீக்கு 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட இருந்தால் போதும். பழைய சட்டத்தின் தோள்பட்டை அகலமாக இருந்தால் இழைப்புளியால் இழைத்துக் குறையுங்கள்.

ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டருக்கு இத்தனை கவலையா?

ஆம், பெட்டி வளர்ப்பே அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. 1851-இல் அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் கவனித்தது இதுதான்: தேனீ நடமாடும் அளவுக்கு மட்டும் சந்து விட்டால், அதை அது அடைக்காது. ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான சந்து அது. சந்து பெரிதானால் குறுக்கே அடை கட்டிவிடும். அப்புறம் ஒரு சட்டத்தைத் தூக்கினால் இரண்டு சட்டம் சேர்ந்து வரும், அடை கிழியும், தேன் ஒழுகும், எறும்பு வரும்.

பழைய பெட்டிகள் வெவ்வேறு ஆசாரி கையில் உருவானவை. ஒன்றின் சட்டம் மற்றதில் பொருந்தும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு சட்டத்தையும் ஒவ்வொரு பெட்டியிலும் தொங்கவிட்டு, பக்கவாட்டிலும் அடியிலும் உங்கள் சுண்டுவிரல் நுனி உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். தாராளமாகப் போனால் சந்து பெரிது. பெரிதாக இருந்தால் உட்பக்கம் மெல்லிய பட்டி அடித்துச் சரிசெய்யலாம்.

பழைய தேனீ ஏன் போயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டுமா?

கட்டாயம். பெட்டி கொடுப்பவரிடம் முகம் சுளிக்காமல் கேளுங்கள்: தேனீ செத்ததா, பறந்து போனதா? பறந்து போனது என்றால் பயம் குறைவு. நாட்டுத் தேனீ கோபக்காரத் தேனீ இல்லை, ரோஷக்காரத் தேனீ. பசி வந்தால், எறும்பு தொல்லை தந்தால், பெட்டி வெயிலில் வெந்தால், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. சுற்றிலும் செம்பனை மட்டும் இருந்தால் தேனீ நிலைக்காது. செம்பனை மகரந்தம் தரும், தேன் தராது. சோறு இல்லாமல் குழம்பு மட்டும் ஊற்றுவது மாதிரி. முந்தியவரின் பெட்டி அப்படிப்பட்ட இடத்தில் இருந்திருந்தால், பெட்டி மேல் குற்றம் இல்லை. இடத்தின் மேல்தான் குற்றம்.

செத்திருந்தால்?

அப்போது நோயை நினைக்க வேண்டும். இரண்டு நோய்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, பைப்புழு நோய். புழு கூட்டுப்புழுவாக மாறாமல், தண்ணீர் நிறைந்த பை போல ஊதிச் சாகும். வைரஸ் காரணம். இதன் தாய்லாந்து வகை 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் நாட்டுத் தேனீக் கூடுகளில் பெரும்பகுதியை அழித்தது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்பாளர்கள் அதில் நொடிந்துபோனார்கள். ஆனால் பிறகு எழுந்தும் வந்தார்கள். இன்று மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இந்த வைரஸ் காய்ந்த வெறும் பலகையில் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. அடையை எரித்துவிட்டு, பெட்டியைத் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று மாதம் வெயிலிலும் காற்றிலும் சும்மா வைத்தால் மறுபடி பயன்படுத்தலாம்.

மற்றது, அமெரிக்கப் புழு அழுகல் நோய். இது பெரும்பாலும் இத்தாலியத் தேனீயின் நோய். இதைப் பரப்பும் கிருமியின் வித்து 35 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். வெயிலுக்கும் சாகாது, சாதாரணக் கழுவலுக்கும் சாகாது.

இந்த இரண்டாவது நோயை எப்படிக் கண்டுபிடிப்பது?

செத்துச் சில நாளே ஆன கூடு என்றால், மூடி அமுங்கி ஓட்டை விழுந்த ஒரு புழு அறையில் தீக்குச்சியை விட்டுக் கலக்கி மெல்ல இழுங்கள். காப்பி நிறத்தில் பசை போல இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நூலாக நீண்டு வந்தால் சந்தேகப்படலாம்.

ஆண்டுக்கணக்கில் கிடந்த பெட்டியில் நூல் வராது. அடையை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, அறைகளின் அடிச்சுவரைப் பாருங்கள். கறுப்பாக, மீன் செதில் போல ஒட்டிக்கொண்டு, குச்சியால் நெம்பினாலும் கிளம்பாத பொருக்கு பல அறைகளில் இருந்தால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். கைகளைக் கழுவிவிட்டு, உங்கள் மாவட்ட விவசாய இலாகாவிடம் காட்டுங்கள். நோய் உறுதியானால் அடையும் சட்டமும் குழி தோண்டி எரிக்க வேண்டியவை. அங்கே சிக்கனம் பார்த்தால் உங்கள் கூடும் போகும், பக்கத்துக் கம்பத்தவர் கூடும் போகும்.

வெள்ளை வலையும் மிளகு மாதிரி எச்சமும் நிறைய இருக்கிறதே, அது நோயா?

இல்லை. அது மெழுகு அந்துப்பூச்சியின் புழு. ஆளில்லாத வீட்டில் கறையான் வருவது போல, தேனீ போன பிறகு வந்தது. பலகையில் படகு வடிவில் வரிசையாகக் குழி பறித்திருக்கும். அந்தக் குழியில் கூடு கட்டித்தான் அது அந்தாக மாறும். பார்க்க அசிங்கம், ஆனால் பலகைக்குக் கேடில்லை. சுரண்டிவிட்டால் போதும்.

பலகை நல்லதா என்று எப்படிச் சொல்வது?

விரல் முட்டியால் தட்டுங்கள். "டொக் டொக்" என்று கேட்டால் நல்லது. "பொதக்" என்று அமுங்கிய சத்தம் வந்தால் உள்ளே கறையானோ உளுப்போ இருக்கிறது. பழைய கத்தியின் முனையை மூலை இணைப்புகளில் அழுத்திப் பாருங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் அந்தப் பலகையை மாற்ற வேண்டும். பெரும்பாலும் அடிப்பலகை மட்டும் உளுத்திருக்கும், மேலறைகள் நன்றாக இருக்கும். ஒரு பலகைக்காக முழுப் பெட்டியையும் விறகாக்க வேண்டாம்.

முகர்ந்தும் பாருங்கள். மெழுகு வாடை, மர வாடை, எலிவாடைகூடப் பரவாயில்லை. மருந்து வாடை வந்தால் விடுங்கள். பூச்சிமருந்துக் கிடங்கில் கிடந்த பெட்டிக்கு எந்தக் கழுவலும் உத்தரவாதம் இல்லை. மெழுகு எண்ணெய் மாதிரி; மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்ய என்ன வேண்டும்?

வீட்டில் இருப்பவையே போதும்: சுரண்ட ஒரு தகடு, தேங்காய் நார், சலவை சோடா, வாளி, கேஸ் டார்ச்.

முதலில் சுரண்டல். ஒட்டிய மெழுகு, எச்சம், வலை எல்லாம் போக வேண்டும். கீழே பழைய செய்தித்தாளை விரித்து, விழுந்ததை அப்படியே சுருட்டி எரியுங்கள். இந்த வேலையில் சோம்பினால் அடுத்த இரண்டு வேலையும் வீண். மெழுகுப் படலத்துக்கு அடியில் இருக்கும் கிருமியைச் சோடாவும் தொடாது, தீயும் தொடாது.

அடுத்தது கழுவல். 5 லிட்டர் வெந்நீருக்கு 1 கிலோ சலவை சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். கையுறை போட்டுக்கொண்டு நாரால் தேயுங்கள், நல்ல தண்ணீரில் அலசுங்கள். சலவை சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு. கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வை போகும்.

மூன்றாவது காய வைப்பது. நல்ல வெயிலில் மூன்று நாலு நாள். ஈரம் உள்ளே நின்ற பலகையைத் தீயில் காட்டினால் கோணிக்கொள்ளும்.

கடைசியாகத் தீ. உட்புறம் முழுக்க, முக்கியமாக மூலைகளிலும் சட்டம் உட்காரும் பள்ளத்திலும், டார்ச் சுடரை மெல்ல ஓட்டுங்கள். பலகை கரியாக வேண்டாம். காப்பி நிறம் வந்ததும் நகருங்கள். டார்ச் இல்லாதவர்கள் காய்ந்த தென்னோலைப் பந்தத்தால்கூடச் செய்யலாம். திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு செய்யுங்கள்.

பால் உறைய வைக்க ரப்பர்த் தோட்டங்களில் அமிலம் புழங்குவதைப் பார்த்தவர்கள், "அதை ஊற்றினால் கிருமி சாகாதா?" என்று கேட்கலாம். அந்த வேலை உங்களுக்கு வேண்டாம். ஆவி நெஞ்சை அடைக்கும், தோலைப் பொசுக்கும். தீயும் சோடாவும் போதும்.

பழைய சட்டங்களை என்ன செய்வது?

நாலு மூலையையும் பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள். ஆடினால் ஆணியைப் பிடுங்கி, பசை வைத்து மறுபடி அடியுங்கள். தேன் நிறைந்த அடையின் கனத்தைத் தாங்க வேண்டியது அந்த மூலைதான். கம்பி துருப்பிடித்திருந்தால் கழற்றுங்கள். அதற்குப் பதில் மெல்லிய தூண்டில் நைலான் நூலை இழுத்துக் கட்டலாம். மீன்பிடித் துறை உள்ள ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

அடை நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் வெட்டச் சொல்கிறீர்கள்?

புதுத் தேனீ வளர்ப்பாளர்கள் அதிகம் இடறும் இடம் இது. "தேனீ பாடுபட்டுக் கட்டியது, வைத்தால் அதற்கு வேலை மிச்சம்" என்று தோன்றும். இத்தாலியத் தேனீக்கு அது ஓரளவு உண்மை. நாட்டுத் தேனீக்கு உண்மையில்லை. அது பழைய கறுத்த அடையை விரும்பாது. ஒன்று, கடித்துக் குதறிக் கீழே தள்ளும். அல்லது வெறுத்துக் கிளம்பிவிடும். ஒவ்வொரு தலைமுறைப் புழுவும் தன் தோலையும் எச்சத்தையும் அறைக்குள் விட்டுப்போவதால், பழைய அடையில் அறை சுருங்கும், நோய் தங்கும். அந்துப்பூச்சிக்கும் பிடித்தது அந்தக் கறுத்த அடைதான்.

ஆகவே சட்டத்தின் மேற்கட்டையில் ஒரு விரல் அகலம் கோடு போல விட்டு, மீதியை வெட்டி எடுங்கள். நோய்ச் சந்தேகம் துளியும் இல்லை என்றால் மட்டும் அந்தக் கோட்டை விடுங்கள். அதைப் பார்த்துத் தேனீ நேர்கோட்டில் கட்டும். சந்தேகம் இருந்தால் முழுக்கச் சுரண்டி, உருக்கிய சுத்தமான மெழுகை மேற்கட்டையின் நடுவில் கோடாகத் தடவுங்கள். மெழுகுத் தாள் (அறுகோண அச்சு பதித்த அடை அடித்தளம்) வாங்கும் செலவு அப்போது இல்லை.

தேனறையில் மட்டும் இருந்து புழு வளராத, சந்தன நிற அடையை வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டு உறைபெட்டியில் இரண்டு நாள் வையுங்கள். அந்தின் முட்டைகூடச் செத்துவிடும். வெளியே எடுத்த பிறகு, குளிர் போகும் வரை பையைத் திறக்காதீர்கள். திறந்தால் அடை வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டை மட்டும் வேண்டாம். அதன் வாடை மெழுகில் ஏறி, நாளைக்கு உங்கள் தேனிலும் வரும்.

வெட்டிய அடையைத் தூக்கி எறிவதா?

நோயில்லாத அடை என்றால் மெழுகாக்குங்கள். பழைய பானையில் பாதித் தண்ணீர் ஊற்றி, அடையைப் போட்டு, சிறு தீயில் வையுங்கள். மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும். தண்ணீர் கொதிக்கத் தேவையில்லை. தேங்காய்ப்பால் பிழியும் துணி ஒன்றை இதற்கென்று ஒதுக்கி வடிகட்டி, ஆற விடுங்கள். காலையில் மேலே மஞ்சள் வட்டாக உறைந்திருக்கும். தண்ணீர் இல்லாமல் நேரடியாகத் தீயில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு பற்றிக்கொள்ளும்.

கறுத்த அடையில் மெழுகு குறைவாகத்தான் தேறும். ஆனாலும் சட்டங்களுக்குக் கோடு போடவும் பெட்டியின் உள்சுவரில் தேய்க்கவும் போதும். அந்த வாசனைக்குக் கூட்டம் பிரிந்து திரியும் தேனீ தேடி வரும். பழைய பெட்டியை மரநிழலில் வைத்து, வாசலில் கொஞ்சம் மெழுகைத் தேய்த்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு இலவசக் கூட்டம் கிடைப்பதுண்டு.

உடைந்த பலகைக்குப் பதில் என்ன போடலாம்?

லோரிச் சரக்கு இறக்கும் பேலட் பலகை மலிவு. ஆனால் அதில் சுட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்.பி.' என்றால் நச்சுப் புகையிட்டது, தொடாதீர்கள். பால்மரப் பலகை எளிதில் கிடைக்கும், ஆனால் பதப்படுத்தாத பால்மரத்தை உளுப்பு சீக்கிரம் பிடிக்கும். அடிப்பலகைக்கு அதை வைக்காதீர்கள். பச்சை மருந்தேற்றிய பலகையும் மீன் பெட்டிப் பலகையும் வேண்டாம்.

வண்ணம் வெளிப்புறம் மட்டும் பூசுங்கள், வெளிர் நிறமாக இருக்கட்டும். நானும் ஒருமுறை அழகு பார்த்து உள்ளேயும் பூசினேன். குடியேற்றிய கூட்டம் மூன்றாம் நாள் காலையில் இல்லை.

எதில் சிக்கனம் பார்க்கக் கூடாது?

மூன்றில். மூடி: மழை ஒழுகினால் மற்ற எல்லாம் வீண், பழைய தகரத்தை மடித்தாவது மேலே போடுங்கள். கால்: நாலு காலையும் பழைய எண்ணெய் ஊற்றிய டின்னில் நிறுத்துங்கள், முசுறு ஏறினால் ஒரே இரவில் கூடு காலி. முகவலை: கண்ணிமையில் ஒரு கொட்டு வாங்கினால் தேனீ ஆசையே போய்விடும்.

கெலுலுட் வளர்க்கிறேன். எனக்கும் இதே முறையா?

கொஞ்சம் மாறும். கெலுலுட் சட்டத்தில் அடை கட்டாது. மரக்கட்டை மேல் வைக்கும் தேன்பெட்டியில் பானை பானையாகப் பிசினால் கட்டும். அந்தப் பிசின் வாசனைதான் அதற்கு வீட்டு வாசனை. ஆகவே நோயும் ஈப்புழுவும் இல்லாத பழைய பெட்டியைச் சோடாவில் கழுவாதீர்கள், தீயும் காட்டாதீர்கள். புளித்த தேனையும் அழுக்கையும் துடைத்து, இடுக்குகளைப் பிசினாலேயே அடைத்து, நிழலில் ஆற வைத்தால் போதும்.

எத்தனை பெட்டியோடு தொடங்குவது?

ஐந்து கிடைத்தாலும் இரண்டோடு தொடங்குங்கள். மீதியைச் சுத்தம் செய்து, காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். கூட்டம் பிரியும் நாளில் கையில் தயாராக ஒரு பெட்டி இருப்பது பெரிய பலம்.

கடைசியாக, காசே செலவாகாத ஒரு வேலை. ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உட்புறமும் பென்சிலால் எழுதுங்கள்: யாரிடம் வாங்கியது, என்றைக்குச் சுத்தம் செய்தது, தேனீ எப்போது வந்தது, எப்போது போனது, ஏன் போனது. இன்றைக்கு நீங்கள் தீக்குச்சியும் மூக்கும் வைத்துத் துப்புத் துலக்கியதெல்லாம், முந்தியவர் அந்த ஐந்து வரியை எழுதி வைக்காததால்தான்.